உறைந்த பெயின்ற்றைப் பாவிக்கலாமா

தண்ணீரில் கலக்கும் பெயின்ற் ஒருமுறை உறைந்துவிட்டால் அது குப்பைதான் என்று நான் சொல்ல மாட்டேன். சூடான அறையில் இரண்டு நாள் வைத்து, தானாக இளகவிட்டு, அடிவரை கலக்கிப் பார்க்க வேண்டும். வழுவழுவென்று வந்தால் பூசலாம். திரைந்த பால் மாதிரிக் கட்டி கட்டியாக வந்தால் எறிந்துவிட வேண்டும். ஜேர்மனியில், கொலோன் நகரில் இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன், ஐயா. இதில் என்னோடு யாரும் வாதாட வேண்டியதில்லை.

மதிசுதன் வாதாடினான். என் மனைவி குமுதினியின் தம்பி. வேலை பழக்கி, என் நிறுவனத்தில் சேர்த்தவனே நான்தான். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பெயின்ற் வாளிகளைக் கட்டடத்துக்குள் எடுத்து வைக்கச் சொன்னேன். யாரோ பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு வீட்டுக்குப் போகிற அவசரத்தில், வெளியே நின்ற இரும்புக் கொன்டெய்னரிலேயே விட்டுவிட்டுப் போனான். திங்கள் பார்த்தால் எல்லாம் கல். இளகிய பிறகும் கட்டிதான்.

“தண்ணி விட்டுக் கலக்கினாச் சரி, அத்தான்.”

“ஏலாது. எறி.”

எறியவில்லை. நான் இல்லாத நாள் பார்த்து, சிறுவர் பள்ளியின் உட்கூரை முழுக்க அதையே அடித்தான். இரண்டு கிழமையில் அது உரிந்து பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. பள்ளியின் கட்டட மேற்பார்வையாளர் விசாரித்தபோது, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அடிக்கச் சொன்னது முதலாளிதான் என்று டொச் மொழியில் சொன்னான். என் பெயர் அன்றோடு போய்விட்டது.

“சின்னப் பெடியன், மன்னிச்சு விடுங்கோ,” என்று குமுதினி அழுதாள். மன்னித்தேன். அவளையே கேட்டுப் பாருங்கள்.

பெப்ரவரியில், இன்னொரு வெள்ளிக்கிழமை. மற்றவர்கள் போய்விட்டார்கள். பெயின்ற் பூசுகிற உருளை எடுக்க அவன் கொன்டெய்னருக்குள் போனான். கதவை இழுத்துப் பூட்டினேன். அவனுடைய போன் என் வான் வண்டிக்குள் கிடந்தது. அது என் பிழையில்லை. ஒரு மணித்தியாலம் குளிர் பட்டால் புத்தி வரும் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். மறந்துபோனேன். தம்பி எங்கே என்று குமுதினி கேட்டதற்கு, சிநேகிதர்களோடு போய்விட்டான் என்றேன். திங்கள் காலை திறந்ததும் நானேதான். பொலிசுக்குப் போன் எடுத்து உங்களைக் கூப்பிட்டதும் நானேதான்.

ஒரு மணித்தியாலத்துக்கென்றால், கொன்டெய்னரில் இருந்த பதினான்கு பெயின்ற் வாளிகளையும் முதலே எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோக ஏன் வானில் ஏற்றினேன் என்று கேட்கிறீர்கள். இதென்ன கேள்வி, ஐயா. திங்கள்வரை மைனஸ் பதினொரு பாகை குளிர் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். பெயின்ற் பழுதாகிவிடும்.