பார்த்தாச்சு

அண்ணி: பேப்பரை முறைச்சா அதுவா எழுதிக்குமா? சாப்பிட வா.

நாத்தனார்: இருங்க அண்ணி... "செவிலியரின் கவனக்குறைவால்"... சே, யாரோ செவிலியர் மாதிரி இருக்கு. நான்தானே அது!

அண்ணி: என்ன எழுதற?

நாத்தனார்: நம்ம வார்டுல, நடக்க இருந்த தப்பை எழுதிப் போடச் சொல்லி "தப்பிச்சோம்" பெட்டி வச்சிருக்காங்களே, அதுக்கு. காலைல ஏழாம் கட்டில்... இன்சுலின் நாலு யூனிட் போடணும். நாப்பது இழுத்துட்டேன்.

அண்ணி: மெதுவா பேசு! கதவு திறந்திருக்கு.

நாத்தனார்: நல்லவேளை, அவர் தையல்காரர். ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கிட்டு, "என்னம்மா, இன்னைக்கு அளவு ரொம்ப லூசா இருக்கே"ன்னாரு.

அண்ணி: ...போடலைல்ல? அப்புறம் என்ன? கிழிச்சுப் போடு.

நாத்தனார்: எப்படிக் கிழிக்க? போன வாரம் ஆஸ்பத்திரிக் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு, "நூலிழையில தப்பினாலும் எழுதுங்க"ன்னு முழங்கினேனே. நீங்ககூட கைதட்டுனீங்க.

அண்ணி: வீட்டு ஆளாச்சேன்னு தட்டினேன். நீ பேசினதை யாரு கேட்டா?

நாத்தனார்: நானே கேக்கலையே! அதுக்குப் பரிசா இந்த "பாதுகாப்பு நட்சத்திரம்" பேட்ஜ் வேற. கண்ணாடி முன்னால பத்து நிமிஷம் நின்னு குத்திக்கிட்டேன். அண்ணன் சல்யூட் அடிச்சான்.

அண்ணி: அவருக்கு வேற வேலை இல்ல. இந்தா, பேரு போட வேண்டாம்னுதானே பெட்டியில எழுதியிருக்கு?

நாத்தனார்: போட்டுட்டேன். போடலைன்னா எல்லாரும் புதுசா வந்த பொண்ணைத்தான் பார்ப்பாங்க.

அண்ணி: அடுத்த மாசம் இன்சார்ஜ் ஆகப்போறவ நீ...

நாத்தனார்: ஞாபகப்படுத்தாதீங்க. பயத்துல கையெழுத்தே கோணிப்போச்சு. டாக்டர் எழுதின மாதிரி இருக்கு.

அண்ணி: குடு, படிக்கிறேன்... இதென்ன? "நான் ஒருத்தியே சரிபார்த்தேன்"? ரெண்டு பேர் பார்க்காம இன்சுலின் போட மாட்டோமே.

நாத்தனார்: இன்னைக்கு... மறந்துட்டேன்.

அண்ணி: ஊசியைத் தூக்கிக்கிட்டு என்கிட்டதானே வந்த?

நாத்தனார்: வந்தேனா?

அண்ணி: பொய்கூட ஒழுங்கா வரல உனக்கு.

நாத்தனார்: விடுங்க அண்ணி. ஒரு வீட்டுக்கு ஒரு முட்டாள் போதும்.

அண்ணி: அந்த வரியை அடி. "பார்த்தாச்சு"ன்னு சொன்னது நான்னு எழுது.

நாத்தனார்: நீங்க பார்த்தீங்கதானே? ஏதோ அவசரத்துல நாப்பது நாலாத் தெரிஞ்சிருக்கும்...

அண்ணி: ஊசியை எங்கடி பார்த்தேன்? உன் நெஞ்சுல மின்னுச்சே, அந்த நட்சத்திரத்தைத்தான் பார்த்தேன்.