எண்பத்தைந்து அங்குல டிவி

பெரிய கூடத்துக்கு டிவி வாங்குவது, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் இல்லை தம்பி. உட்காரும் இடத்துக்கும் திரைக்கும் எத்தனை அடி என்று முதலில் அளக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். சத்தத்தை நம் காதாலேயே கேட்க வேண்டும். படத்தில் மயங்கி வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றும் கேட்கவில்லையே என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். நான் அப்படி வாங்கவில்லை. அதைத்தானே காலையிலிருந்து கேட்கிறீர்கள், மேவிஸ் ஆண்ட்டி, ஏன் அந்த டிவியை வாங்கினீர்கள் என்று. சொல்கிறேன். முதலில் அந்த டீயைக் குடித்துவிடுங்கள். மழை நாளில் ஆறிய டீ வயிற்றுக்கு ஆகாது.

எங்கள் வீடு லெம்பா பெர்த்தாமில், அணைக்குக் கீழே ஆற்றோரத்தில், கடைசி வீடு. நானும் டொனால்ட் அண்ணனும் மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். அண்ணன் முப்பத்தைந்து வருடம் தோட்டத்து ஆலையில், கொழுந்து உருட்டும் மெஷின் பக்கத்தில் நின்றவர். அந்த இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. அவர் வேலையிலிருந்து நின்றதும் கீழே வந்து வீடு வாங்கினோம். வாங்கினோம் என்று சொல்கிறேன். பத்திரத்தில் அண்ணன் பெயர் மட்டும்தான். அதுதான் முறை.

போன வருடம், அறுபத்தெட்டு வயதில், அண்ணன் கம்போங் ராஜாவிலிருந்து வெரோனிகாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். புருஷனை இழந்தவள். பூச்செடி வளர்த்து விற்கிறாள், கோயிலில் நன்றாகப் பாடுவாள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல்யாணம் என்றார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். வந்த முதல் நாளே அவள் வீடு முழுவதும் நடந்து, ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தாள். மாடு வாங்க வருகிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மேவிஸ் அக்கா, இந்த ரூம எடுத்துட்டா ஹாலு நல்லா பெருசாயிடும்லா” என்றாள்.

“எடுத்துட்டா இவ எங்க படுப்பா?” என்றார் அண்ணன்.

“பின்னால உர மூட்ட கெடக்குதே, அந்த ரூம் சும்மாதானே இருக்கு? அக்கா ஒத்த ஆளு. மூட்டயோட மூட்டையா படுத்துக்குவாங்க.”

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். விளையாட்டுப் பேச்சுதானே.

அந்த வாரமே சுவரை இடித்தார்கள். பதினாறு வருடம் நான் படுத்த அறை இரண்டு நாளில் கூடமாகிவிட்டது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடம் பெரிதாக இருந்தால் வீட்டுக்கு அழகு. உர வாசனை ஒரு மாதத்தில் பழகிவிடும்.

என் கட்டில் கிடந்த இடத்துச் சுவர் வெறுமையாக நின்றது. “மேவி, அங்கன பெருசா ஒரு டிவி மாட்டுவோம்” என்றார் அண்ணன். “ரூமக் கொடுத்தவ நீ. நீயே போயி ஒனக்குப் புடிச்சதா பாரு.” தங்கமான மனிதர். யாரையும் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள்.

ரிங்லெட் டவுனில் விமலனின் டிவி கடைக்குப் போனேன்.

“ஒக்காருற எடத்துலேருந்து எத்தன அடி ஆண்ட்டி?”

“பதினாலு.”

“அப்ப எழுபத்தஞ்சு போதும். எம்பத்தஞ்சு வச்சா, சினிமாவுல மொத வரிசையில ஒக்காந்த மாதிரி கழுத்து வலிக்கும்.”

“அண்ணன் கழுத்துதானே. எம்பத்தஞ்சக் காட்டு. சத்தந்தான் முக்கியம். அவருக்குக் காது மந்தம்.”

டிவியோடு தனியாக ஒலிபெருக்கி பொருத்தினான். தரையில் வைக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றும் இருந்தது. அதைப் போட்டதும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வாசலில் அவனுடைய லோரி நின்றது. போய் ஒரு தடவை ஹார்ன் அடி என்றேன்.

“எதுக்கு ஆண்ட்டி?”

“சும்மா. அடி.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான். திரும்பி வந்து, “நல்லா அமுத்தி அடிச்சேன், கேட்டுச்சா?” என்றான்.

“இல்ல. இதையே கொடு.”

விமலன் உங்களிடம் இதைச் சொல்லியிருப்பான். சொல்லட்டும், பொய்யில்லை. ஹார்ன் எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் இப்போதெல்லாம் பாதிதான் நம்புகிறேன்.

நீங்கள் வெளியூரிலிருந்து வந்த போலீஸ் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அணையைத் திறக்கும்முன் சைரன் ஊதுவார்கள். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அணை திறந்து சேற்று வெள்ளம் ஆட்களைக் கொண்டுபோன பிறகு எங்களுக்கு அதில் விளையாட்டே கிடையாது. ஊதினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேட்டிலுள்ள மண்டபத்துக்கு ஏறிவிடுவோம். அங்கே கிராமக் குழுவிலிருந்து குகன் பெயர்ப் பட்டியலோடு நிற்பான். வீட்டுக்கு ஒருவர் தம் வீட்டு ஆட்களுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். வராதவர்களைக் கூட்டிவரத் தீயணைப்புப் படையின் லோரி கீழே இறங்கும். இதுதான் ஏற்பாடு. எங்களுக்குள் நாங்கள் பொய் சொல்லமாட்டோம் என்று நம்பிச் செய்த ஏற்பாடு.

டிவி மாட்டிய மறுவாரம் ஒத்திகை நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. சைரன் பின்னறையில் இருந்த என் காதில் விழுந்தது. கூடத்துக்கு வந்தால், அண்ணன் பூப்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இமை அசையவில்லை. தோளைத் தட்டினேன்.

“என்னா?”

“சைரன்ண்ணே.”

“எங்க? ஒண்ணும் கேக்கலியே.”

அன்றைக்கு வெரோனிகா வந்திருந்தாள். வாசலில் நின்றபடி டிவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “அக்கா, பாத்துதான் வாங்குனீங்களா?”

“பாத்துதான் வாங்குனேன்.”

“அவ வாங்குனதுல என்னா கொற? நீ சும்மா இரு” என்றார் அண்ணன்.

எனக்காக அவர் அவளிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். அன்று எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஆனாலும் சத்தத்தை நான் குறைத்து வைக்கவில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை. மூன்று நாள் அடைமழை. மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணன் இறுதி ஆட்டம் பார்க்க உட்கார்ந்தார். நான் பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சைரன் ஊதியது. முறைப்படிதான் ஊதினார்கள், அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. எழுந்து குடையை எடுத்தேன். கூடத்துக்கு வந்தேன். அண்ணனின் பின்தலை மட்டும் தெரிந்தது. சாரல் அடித்ததால் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன்.

அவர் திரும்பாமலே, “மேவி, ஒரு டீ போடு” என்றார்.

“போடுறேன்ண்ணே” என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன்.

ஏன் ஜன்னலைச் சாத்தினீர்கள் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். சோபா புதிது தம்பி. வெரோனிகா ஆறு தடவை போன் அடித்தாளாம். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

தோட்டத்தில் நான் பார்த்த வேலை ஆயாக் கொட்டகையில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுப்போவார்கள். நாள் முழுக்கத் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு தலை குறைந்தது கிடையாது. குகனும் என்னிடம் வளர்ந்த பிள்ளைதான். அதனால் என் வார்த்தையை அவன் சந்தேகப்படவில்லை.

“மேவிஸக்கா, ஒங்க வீட்டுல ரெண்டு பேருதானே? அண்ணன் எங்க?”

“டாய்லெட்டுக்குப் போயிருக்காரு. மேடு ஏறுனதும் தாங்கல.”

“டிவிய விட்டுட்டு எழும்பி வந்துட்டாரா? அதிசயந்தான்லா.” சிரித்துக்கொண்டே அண்ணன் பெயருக்கு நேரே கோடு போட்டான். பிறகு லோரிப் பக்கம் திரும்பி, “எல்லாரும் வந்தாச்சு, எறங்க வேணாம்” என்று கத்தினான். லோரி உறுமிக்கொண்டு நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டார்கள்.

அந்த லோரி எங்கள் வீடுவரை போய்த் திரும்ப எட்டு நிமிடம் போதும். சேறு வர இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. மண்டபத்துச் சுவரில் கடிகாரம் இருந்தது, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குகன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். கூப்பிட்டிருக்கலாம். யாரும் என் வாயைப் பொத்தவில்லை. ஐந்து நிமிடம் போனது, பத்து போனது. ஒவ்வொரு நிமிடமும் நான் கூப்பிடாமல் இருந்தேன். மறதி இல்லை, பயம் இல்லை, தெரிந்தே இருந்தேன். அண்ணனைக் கொன்றது சேறு என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். நீங்கள் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஏன், ஏன் என்கிறீர்கள். அவர்மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? அன்று மண்டபத்தில் ஆளுக்கொரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். அண்ணனுடையதையும் நானே வாங்கிக்கொண்டேன். பசி, இரண்டையும் சாப்பிட்டேன். ஆனால் அவர் பொட்டலத்திலிருந்த முட்டையை மட்டும் தொடவில்லை. முட்டை என்றால் அவருக்கு உயிர், அதனால் இலையில் மடித்துத் தனியே எடுத்துவைத்தேன். அவர் இனி வரமாட்டார் என்று தெரிந்த பிறகும் அப்படி எடுத்துவைத்தவளைப் பார்த்து, அண்ணன்மேல் பாசமே இல்லையா என்று கேட்கிறீர்களே தம்பி.