மூளையைக் கழற்றும் அக்கா

“இதோட மூளையக் கழட்டி ஒங்க வீட்டு லெப்டொப்புல வைக்கப் போறேன்டி.”

நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில் முன்சீட்டு அக்கா, மடியிலிருந்த பழைய லெப்டொப்பைத் தட்டித் தோழியிடம் சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு நின்று, தனியாளாய் மூன்று கடை போட்டவன் நான். எனக்கே அது விளங்கவில்லை.

“இந்தப் பழசுல விண்டோஸ் இழுக்காது, லினக்ஸ்தான் ஓடும். பென்ட்ரைவ் போட்டா எழும்பாது, சீடி போடுற எடமும் ஒடஞ்சிருச்சு. மூளைன்னா ஹார்ட் டிஸ்க்கு; அத ஒங்களோடதுல மாட்டி லினக்ஸ் ஏத்திட்டு, திரும்ப இதுல வச்சிருவேன். நர்சரியில வளத்துத்தானே தேயிலைய மலையில நடுறோம்?”

“எங்க வீட்டுக்காரரு திட்டுவாருக்கா.”

“திட்டட்டும். நாளைக்கு ஒன்லைன் பரீட்சை எழுதலன்னா, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல புள்ள பாக்குற வேல எனக்கு நெரந்தரமாகாது.”

தோழி எழுந்து பஸ் பெல்லை அடித்தாள்.

“அஞ்சு மணி வரைக்கும் அவரு ஃபெக்டரியிலதான். எறங்குங்கக்கா, ஸ்க்ரூ டிரைவர் வீட்ல இருக்கு.”