அப்பாசாமியோட வெயில் பெட்டி

சிரிக்காதம்மா பாக்கியம். இன்னிக்கும் சோறு இதுலதான். நெருப்பில்லாம எப்படி வேகுதுன்னா கேக்குற? நெருப்பு அந்தா, மேல இருக்கு. அண்ணாந்து பாக்காத, கண்ணு கூசும்!

பெட்டி ஒண்ணுமில்ல, பசார்ல வாங்குன மீன் பெட்டிதான். நாத்தமா? அதெல்லாம் கழுவிட்டேன்லா. உள்ள பிஸ்கட் தகரம், சுத்தி இலவம்பஞ்சு. மேல மூடியிருக்குற கண்ணாடி, நான் வேல செய்யுற பஸ் பட்டறையில கெடந்தது. வெயிலு உள்ள போவும், சூடு வெளிய வராது. வெயில உள்ள திருப்பி விடுறதுக்கு உங்க அத்தையோட மொகம் பாக்குற கண்ணாடி. அவ உசுரோட இருந்திருந்தா என்னையே தூக்கி உள்ள வச்சிருப்பா.

மொத தடவ ஆக்குனது அரிசியாவும் இல்ல, சோறாவும் இல்ல. நம்ம காஜா பேராங் தெருவே சிரிச்சுச்சு. அடுத்த வீட்டு நாகூர் மீரான் ஒரு வாய் போட்டுட்டு, அப்பாசாமி, இத கோழிக்கு வையின்னான். கோழியும் திங்கலம்மா! அப்புறம்தான் சட்டிக்கு வெளியில கரியக் கொழச்சுப் பூசணும்னு புத்தி வந்துச்சு. கறுப்புதான் சூட்ட இழுக்கும். முந்தாநாளு நீயே சாப்பிட்டுட்டு, பூ மாதிரி இருக்கு மாமான்னியே.

வெறகு வேணாம், மண்ணெண்ண வேணாம், புகை இல்ல, சாம்பல் இல்ல. சுத்தமான சூடு. நாட்டுக்கே மெர்டேக்கான்னு சுதந்திரம் கெடச்சாச்சு, நம்ம அடுப்படிக்குக் கெடைக்க வேணாமா? மழையா? மழை பேஞ்சா மீரான் வீட்டுல போய் உக்காந்துக்குவோம்!

இவ்வளவு பாடு யாருக்குன்னா கேக்குற? உனக்குத்தான். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து எந்நேரமும் உன் கண்ணு செவந்தே கெடந்துச்சு. கேட்டா, அடுப்புப் புகை மாமான்னே. நானும் நம்பிட்டேன்.

முந்தாநாள்லேர்ந்து வீட்டுல அடுப்பே மூட்டல. கண்ணு இன்னும் செவந்துதானம்மா இருக்கு.

நேத்து உள்ள தட்டு விழுந்துச்சு. பூனைன்னே. நம்ம வீட்டுல ஏதும்மா பூனை? என் மவன் தம்பிராஜா உன்னைப் பேசுன பேச்சும் என் காதுல விழுந்துச்சு. அதுக்கு என்னால பெட்டி செய்ய முடியாதும்மா.

எந்திரி. துணிய எடுத்து வை. ஜாசின் ஊருக்குப் போற பஸ்ஸுல உன்னை உங்கம்மா வீட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அவன் அங்க வந்து உன்கிட்டப் பேசட்டும். எப்படிப் பேசுறான்னு நானும் பக்கத்துலயே உக்காந்து கேக்குறேன்.