வெள்ளைக் கால்

வாயில்லாத ஜீவன்களிடம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இரக்கம் அதிகம், ஐயா. கும்மிடிப்பூண்டியை அடுத்த எங்கள் ஊரில் வந்து பூவராகவன் வீடு எது என்று கேட்டால், இரண்டு செவலை நாய் நிற்குமே, அந்த வீடு என்பார்கள். டைகரும் ஜிம்மியும் ஒரே ஈற்றில் பிறந்தவை. டைகருக்கு ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை. மற்றபடி எனக்கே சில சமயம் அடையாளம் தெரியாது.

நாயைக் கட்டி வளர்க்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், கடித்தால் வளர்ப்பவரே பொறுப்பு என்று கிராம சபையில் தீர்மானம் வந்தபோது, வார்டு உறுப்பினராக அதை வழிமொழிந்தவன் நான். கைகூடத் தட்டினார்கள். ஊசி முகாம் அன்று ஜிம்மி அகப்பட்டது, டைகர் நெல் வயலுக்குள் ஓடிவிட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

சிப்காட்டில் பெருக்கும் வேலை செய்த ஈஸ்வரி, கம்பெனி பஸ் பிடிக்க என் வாசல் வழியாகத்தான் போவாள். கட்டாமல் விட்டிருந்த டைகர் அவள் கையைக் கவ்விவிட்டது. நான்தான் பைக்கில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று டாக்டர் கேட்டார். போட்டாயிற்று என்றேன். தீர்மானத்தை வழிமொழிந்தவன் வேறு எப்படிச் சொல்வது?

நாலாம் நாள் டைகர் நுரை தள்ளி, சங்கிலியைக் கடித்துக் கடித்தே செத்தது. பம்புசெட்டுக்குப் பின்னால் புதைத்தேன், தோண்டினால் கிடைக்கும். என்ன நோய் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அன்று சாயங்காலமே ஈஸ்வரி வந்தாள். இரண்டாவது ஊசிக்கு லீவு போட்டதற்கே காண்ட்ராக்டர் திட்டினானாம், இன்னொரு லீவு போட்டால் பெயரை அடித்துவிடுவானாம்.

"பத்து நாள் நாய் நல்லா இருந்துச்சுன்னா ஊசி வாணாமாமே, அண்ணா. டைகர் நல்லாக்கீதா?"

"காலையில வந்து நீயே பாரு," என்றேன்.

ஊசியை விடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள். மறுநாள் விடிந்ததும், வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை ஜிம்மியின் முன்னங்காலில் தடவி வாசலில் கட்டினேன். ஆறு நாள் அப்படிச் செய்தேன். தினமும் அவள் முதலில் அந்த வெள்ளைக் காலைத்தான் பார்ப்பாள். பத்தாம் நாள் அதற்குப் பிஸ்கட் போட்டாள்.

"நாந்தான் சும்மா பயந்துகினு கெடந்தேன்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒரு மாதம் கழித்து ஈஸ்வரி தண்ணீரைக் கண்டு மிரள ஆரம்பித்தாள். அவள் புருஷன் சரவணன் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தான்.

"அந்த நாய் உசுரோட கீதான்னு டாக்டரு கேக்குறாரு, அண்ணா."

கொஞ்சம் இருப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போனேன். அவன் ஜிம்மியைப் பார்த்து, என் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனான். இரண்டாம் நாள் அவள் போய்விட்டாள்.

ஈஸ்வரியைக் கொன்றது நான்தான். ஊர் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்ற வெட்கத்தில் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள், ஐயா. சரவணன் வந்த அன்று அவசரத்தில் சுண்ணாம்பை அதிகமாகத் தடவிவிட்டேன்; ஜிம்மியின் கால் வெந்து புண்ணாகிவிட்டது. யாரையாவது தினம் கொஞ்சம் தேங்காயெண்ணெய் போடச் சொல்லுங்கள். ஓர் உயிர் துடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.