சோற்றுக்கு நடுவில் கட்டஞ்சாயா

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே மத்தியான வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் கையில் இரும்புச்சத்து மாத்திரை அட்டை. பக்கத்து பெஞ்சில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பி மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“ஏலே, சோத்துக்கு நடுவுல இந்தப் பாலில்லாத கட்டஞ்சாயாவக் குடி. அப்பந்தான் சாப்பாட்டுல உள்ள இரும்பு ஒடம்புல ரொம்பச் சேராது.”

எனக்கு டாக்டர் சொன்னது நேர் எதிர். காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஒரே தொவர்ப்பா இருக்குக்கா.”

“அந்தத் தொவர்ப்புதாம்லே இரும்பப் பிடிச்சு வைக்குது.”

“நான் சோர்ந்து கெடக்கேன்னு எம் பொஞ்சாதி தெனமும் இரும்புச் சட்டியில முருங்கக்கீர வதக்கி, எலுமிச்சம்பழமும் பிழிஞ்சுல்லா தந்தா.”

“நம்ம குடும்பத்து ரத்தத்துலயே இரும்பு கூடிக் கெடக்குன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்?”

“அப்பம் சாயா போதும்லா? ரத்தம் எடுக்காண்டாம்லா?”

“சாயா உள்ள வாறதக் கொஞ்சம் கொறைக்கும், அவ்வளவுதான். ஏற்கனவே ஈரல்ல சேந்து கெடக்கத ரத்தம் எடுத்துத்தான் எறக்கணும்.”

அவன் சோற்றைப் பிசைந்தான்.

“அப்பாவுக்கு இதே இரும்பால ஈரல் கெட்டப்போ ஊரே குடிகாரன்னு சொல்லிச்சு. வேதக்கோயில்ல திருவிருந்து திராட்சரசத்தத் தவிர அவரு ஒரு சொட்டு தொட்டிருப்பாராலே? ஒன்ன எவனும் அப்பிடிச் சொல்ல நான் விடமாட்டேன்.”

தம்பி டம்ளரை ஒரே மடக்கில் காலி செய்தான்.

“நீ எப்பம்க்கா ஒனக்கு ரத்தம் டெஸ்ட் பாக்கப்போற?”

உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள்.

“எனக்கும் சோறும் பிளாஸ்க்குல சாயாவும் மிச்சம் வையிலே.”