ஜன்னலைத் திறந்தது யார்?

மேடையில் வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த நம் அக்காவின் கணவர் அவர்களே, இந்தக் கீழ்த்தளக் கூடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார்களே, வணக்கம்.

வீடு வீடாக ரேடான் வாயுவை அளந்தவர் நம் அக்கா. அளவு மீறிய வீடுகளில் தரைக்கடியில் குழாய் இறக்கி, விசிறி வைத்து, அதைக் கூரைக்கு மேலே துரத்தியவன் நான். மண்ணிலிருந்து தரை வெடிப்பு வழியாக ஏறி வரும் வாயு அது. நிறமில்லை, மணமில்லை! வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். அப்படிப்பட்ட எதிரியோடு மல்லுக்கு நின்றவருக்குச் சந்தேகம் இல்லாமல் இருக்குமா? ‘சந்தேக அக்கா’ என்று நீங்கள் வைத்த பெயரை அவர் பட்டமாகவே சுமந்தார்.

ஒரு வீட்டில் நாங்கள் உள்ளே வைத்த பரிசோதனை டப்பாவைப் பால்கனியில் கண்டெடுத்தோம். “உள்ள ஒரே புழுக்கம், பாவம், அதான் காத்தாட வெச்சேன்” என்றார் வீட்டுக்காரர். அக்கா சிரிக்கவில்லை. “வீட்டை விக்கப் போறீங்களா?” என்று மட்டும் கேட்டார். விற்கத்தான் போனார்! வெளிக்காற்று பட்டால் வாயு கலைந்து, டப்பா அளவைக் குறைத்துக் காட்டும். அன்றிலிருந்து, சாத்திய ஜன்னல் ஒவ்வொன்றிலும் மெல்லிய காகித நாடா ஒட்டுவார். திறந்தால் கிழிந்துவிடும்.

இந்தக் கூடத்திலும் ஒட்டினார். அளவு குறைவு என்று முடிவு வந்ததும் சங்கம் கைதட்டியது. அக்கா போய் நாடாவைப் பார்த்தார். கிழிந்திருந்தது. “பிள்ளைங்க பாய் போட்டுத் தூங்குற தரைடா இது. திரும்ப அளக்கணும்” என்று வேறொரு டப்பாவை வைத்துவிட்டுப் புறப்பட்டவர், வீடு போய்ச் சேரவில்லை. வழியிலேயே மாரடைப்பு. என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அதோ அலமாரி மேல் இருக்கிறதே, அதுதான் அந்த டப்பா. இன்னும் அளந்துகொண்டிருக்கிறது. நான் கேட்கிறேன்: இரங்கல் கூட்டத்துக்கு ஊரில் வேறு மண்டபமே இல்லையா? நான் வரும்போது எல்லா ஜன்னலும் ஏன் ‘ஆ’வென்று திறந்து கிடந்தன? “கூட்டம் வருதுல்ல, காத்து வரட்டும்னுதான்” என்கிறார் தலைவர். இருக்கலாம். சாவு வீட்டுச் சோகத்தில் சண்டை இழுக்க நான் வரவில்லை. ஆனால், அளவு கூடினால் கூடத்தைப் பூட்ட வேண்டிவரும் என்பது இங்கே யாருக்குத் தெரியாது?

அக்காவின் கணவர் உள்ளே நுழைந்ததும் என் காதில் சொன்னார்: “அவ இப்ப வந்தா என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டா. ஜன்னலத்தான் பாப்பா.”

அக்கா! உங்கள் சந்தேகம் இனி என் பொறுப்பு. கூட்டம் கலைந்ததும் புது டப்பா வைக்கிறேன். கூடத்தின் சாவி தாய்மார்களிடம் இருக்கட்டும். இந்தத் தரையின் உண்மை தெரியும்வரை இங்கே ஒரு பாயும் விரியாது!

எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம். அதற்கு முன், பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். நாடா என் பையில் இருக்கிறது. தலைவர் அவர்களே, அந்த மூலை ஜன்னல் உங்களுக்குக் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.